எடைமேடை

பெங்களூராவுக்குப் பதினான்கு வந்தால் போதும்,
அல்போன்சாவுக்குப் பதினாறு.
கண்ணாடிப் பட்டகத்தில் இரண்டு சொட்டு விட்டு
மூடியைச் சாய்த்து
ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே கண்ணை வைத்தால்
நீலம் முடிந்து வெள்ளை தொடங்கும் கோட்டில்
எழுதியிருக்கும் அந்த லோடின் சர்க்கரை.

காவேரிப்பட்டணம் சாலை மாங்கூழ் ஆலையில்
பதினோரு சீசனாக இதுதான் வேலை எனக்கு.

போன சீசன் முழுக்க
அந்த இரண்டு சொட்டையும் டிஷ்யூவால் துடைத்து
குப்பையில் போட்டேன்.
அப்போது எனக்குக் காலையில் இரண்டு முட்டையின் வெள்ளை,
மதியம் வெள்ளரிக்காய்,
ராத்திரி மோர், அதிலும் பாதி தண்ணீர்.
சோறில்லை, களியில்லை.
நாத்தனார் கல்யாணப் பந்தியில்
ஜாங்கிரி விழுந்ததும் இலையை மூடிவிட்டேன்.
மூடிய இலைக்குள் அது எங்கே இருக்கிறதென்று
கை கழுவும்வரை எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

ஐந்து மாதத்தில் பதினைந்து கிலோ.
கேன்டீனில், கைரேகை வைக்கும் வரிசையில்,
எப்படி, எப்படி என்றார்கள்.
ஷம்ஷாத் அக்கா என் ஜாக்கெட்டுகளை எல்லாம்
பிடித்துத் தைத்துக் கொடுத்தாள்.
சீப்பில் வந்த முடியை யாரும் பார்க்கவில்லை.
இரண்டு மாதம் தள்ளிப்போனதை நானும் சொல்லவில்லை.
தூங்கும் பையனின் நெற்றியைத் தொட்டால்
சில்லென்று இருக்கிறதென்று
சுவர்ப்பக்கம் உருண்டுவிடுவான்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை.
விசேஷம் ஒன்றும் இல்லை.
ரேஷன் சர்க்கரையை டப்பாவில் கொட்டும்போது
மேடையில் கொஞ்சம் சிந்தியது.
ஈர விரலால் ஒற்றினேன், சுத்தம் செய்யத்தான்.

அதற்கப்புறம் தினமும் இரவு ஒன்றரை, இரண்டு.
எவர்சில்வர் மூடியை நெஞ்சோடு அணைத்துத் திறந்தால்
சத்தம் வராது.
ஹார்லிக்ஸ் பொடி அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்,
நாக்கால் சுரண்டிச் சுரண்டி
இருட்டில் நின்றுகொண்டே தின்பேன்.
உட்கார்ந்தால் சாப்பிட்டதாக ஆகிவிடும்.
"சக்கரை ஏன் இவ்ளோ சீக்கிரம் தீந்துருது?" என்றார் அவர்.
"எறும்பு" என்றேன்.
இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

உடம்பை நான் குறை சொல்லமாட்டேன்.
டயட் என்ற சொல் அதற்குத் தெரியாது.
தாது வருஷம் திரும்பிவிட்டதென்று
நடுங்கிப்போய் இருந்திருக்கிறது பாவம்.
இப்போது கிடைத்ததையெல்லாம் வாரி
இடுப்பில், தொடையில், முதுகு மடிப்பில்
பதுக்குகிறது, அடுத்த பஞ்சத்துக்கு.

போனது பதினைந்து, வந்தது பதினேழு.
வட்டி இரண்டு.
எப்படி என்று இப்போது யாரும் கேட்பதில்லை.
"தைராய்டு பாத்தியா?" என்கிறார்கள்,
துக்க வீட்டில் பேசும் குரலில்.

ஷம்ஷாத் அக்கா எதுவும் கேட்கவில்லை.
ஜாக்கெட்டைப் புரட்டிப்போட்டு
பிளேடால் தையலைப் பிரித்தாள்.
"துணிய வெட்டல நான். யாருக்குமே வெட்டமாட்டேன்."
இரண்டு விரல் அகலத்துக்கு
வாங்கிய நாளின் நிறத்திலேயே
வெளியே வந்தது மயில்கழுத்து நீலம்.
வெயில் பட்ட மற்றத் துணி
அதன் பக்கத்தில் வேறு ஜாக்கெட் போலிருந்தது.

நேற்று லோடு இறக்கி லாரி போனபின்
எடைமேடை காலியாகக் கிடந்தது.
போய் நடுவில் நின்றேன்.
கூண்டுக்குள்ளிருந்து திம்மராயன் கத்தினான்:
"எம்பது!"
என் வீட்டு மெஷினில் எண்பத்தெட்டு.
"இது இருவது இருவதாத்தான்க்கா எண்ணும்.
போன வருசம் நின்னீங்களே, அப்பவும் எம்பதுதான்."

போன வருஷம் நான் எழுபத்தொன்று.
இதே இரும்பில் நின்று
முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு
அவனைப் பார்த்துச் சிரித்தது ஞாபகமிருக்கிறது.

பர்கூர் லோடு வந்து ஹாரன் அடித்தது.
கொஞ்ச நேரம் நகரவில்லை நான்.

லேபுக்குத் திரும்பி
இரண்டு சொட்டு விட்டேன்.
பதினாறு புள்ளி நான்கு. எழுதிக்கொண்டேன்.
டிஷ்யூவை எடுத்தேன்,
வைத்துவிட்டேன்.